ரவிக்கைக் கைக்கு உள்ளே இருந்த நிறம்

சங்கரன்கோவிலில் வெயில் கிடைக்காமல் எலும்பு இளகிப்போன பெண் ஒருத்தி இருந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சித்திரை மாதம் செருப்பில்லாமல் தேரடியில் நாலு எட்டு வைத்துப் பார்த்தவர்கள் சிரிக்கவே செய்வார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெண் நான்தான். வெளியூர்க்காரர் யாரும் வந்து எனக்குச் செய்த கெடுதல் இல்லை இது. என்மேல் உயிரையே வைத்திருந்த என் வீட்டார் கூடிப் பேசி, ஓலை வாங்கி, தட்டி கட்டி, இரண்டரை வருஷம் கண்ணும் கருத்துமாகச் செய்த காரியம். இத்தனை காலம் கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுடையது தறி வீடு. முன்கட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். நடுவீட்டில் ராட்டையின் முன்னால் அம்மா உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றுவாள். விடிந்தால் ராட்டை, ராட்டையை விட்டால் அடுப்பு, அடுப்பை விட்டால் மறுபடி ராட்டை. தெருவில் பாவு நீட்டும் நாளில் மட்டும், அதாவது நெசவுக்கான நீள நூலைத் தெருவோடு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் நாளில் மட்டும், வாசல்படி வரைக்கும் வருவாள். கஞ்சிச் சட்டியை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் தெருவில் நின்றதே இல்லை.

நான் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து வந்தேன், சாயங்காலம் வளையப்பந்து ஆடினேன். பாவு நீட்டும் நாளில் காலை ஆறு மணிக்கே தெருவில் நின்று, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிச்சுப் போடுவேன். கறுப்பாக இருந்தேன். கறுப்பாக இருக்கிறோம் என்பது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை. பசி எடுக்கும், தூக்கம் வரும், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவேன். அவ்வளவுதான் என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் பள்ளியிறுதித் தேர்வு முடிவு வந்த அன்று, அப்பாவின் அக்கா கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்தாள். நான் பாஸ் என்று அண்ணன் ஓடிவந்து சொன்னான். அத்தை அதைக் காதில் வாங்கினாளா என்றுகூடத் தெரியவில்லை.

"ஏட்டி, இங்கன வா. வெளிச்சத்துல நில்லு" என்றாள்.

நின்றேன். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, உள்ளே இருந்த தோலின்மேல் விரலை வைத்தாள்.

"ஏ இவளே, இங்க வந்து பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டாள். "உள்ள எப்பிடி இருக்கா பாத்தியா? இதுதான் இவ நெறம். மத்ததெல்லாம் வெயில் பண்ணுன வேலை. ரெண்டு வருசம் வெயில் காட்டாம வச்சிருந்தேன்னா இந்த நெறம் மொகத்துக்கு வந்துரும். பெறவு மாப்பிள்ளை நான் கொண்டாருதேன்."

கடையில் துணியின் மடிப்பைப் பிரித்து உள்பக்கம் பார்ப்பார்களே, அப்படித்தான் பார்த்தாள். அம்மாவும் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்கவே முடியாது. பெண் கறுப்பாகப் பிறந்துவிட்டாளே என்று அத்தனை வருஷமும் மனசுக்குள் குமைந்திருப்பாள் போல. தப்பு தன்மேல் இல்லை, வெயில்மேல்தான் என்று ஆகிவிட்டது.

மறுநாளே நான் உள்ளே போனேன். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, ஆகவே தெருவுக்குப் போக வேலை இல்லை. கோயிலுக்கு விளக்கு வைத்த பிறகு போகலாம். பாவு நீட்டும் நாளில் நடுவீட்டைத் தாண்டக்கூடாது. மீதி இருந்தது புறவாசல். பின்கதவிலிருந்து குளிக்கிற இடத்துக்குப் பத்தடி தூரம் வானம் பார்த்துக் கிடந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பனையோலை வாங்கிவந்து அதற்கு மேலே தட்டி கட்டினார். வியர்க்க வியர்க்கக் கட்டினார். உச்சி வெயிலில் நின்று, எனக்கு வெயில் படாமல் இருப்பதற்கு. அதை நினைத்தால் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று எனக்கே பிடிபடவில்லை.

வீட்டுக்குள் வெயில் வரும் ஒரே இடம் ஓட்டுக்கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு. பதினோரு மணிக்கு அதன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம் தரையில் விழும். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் அம்மா என்னை அதன் பக்கத்தில் உட்கார வைப்பாள். அதற்குள் அல்ல, பக்கத்தில். ரவிக்கைக் கையைச் சுருட்டி, உள் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒத்துப் பார்ப்பாள்.

"வருது, வருது" என்பாள். "முழங்கை வரைக்கும் வந்துட்டு."

வந்தது உண்மைதான். ஆறு மாதத்தில் முகம் வெளுத்தது. அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். நானும் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கோபத்தில் என் பங்கை மறைத்துவிட்டால் அது நியாயம் இல்லை.

என் அண்ணனை யாராவது வெயிலில் போகாதே என்று சொன்னார்களா? அவன் சைக்கிளில் கடையநல்லூர் வரைக்கும் நூல் வாங்கப் போய்விட்டு மத்தியானம் திரும்புவான். கன்னம் கறுத்துக் கழுத்து கறுத்து வந்து நிற்பான். "பய உழைக்கான் பாரு" என்று அத்தை திருஷ்டி கழிப்பாள். ஒரே வெயில்தான். அவனுக்கு அது உழைப்பு, எனக்கு அது குற்றம்.

இதில் இன்னொன்றும் நடந்தது. பனவடலிசத்திரம் பக்கமிருந்து விறகு கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், பன்னிரண்டு மணிக்குத் தலைச்சுமையோடு வந்தவள், எங்கள் வாசலில் கட்டை இறக்குவதற்குள் அப்படியே சரிந்துவிட்டாள். உடம்பு கொதித்தது. வியர்வையே இல்லை. பேச்சு குழறியது. அண்ணன் அவளைத் தூக்கிவந்து நடுவீட்டில் போட்டான். அம்மா ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுத்தாள், விசிறினாள், தெளிந்ததும் உப்புப் போட்டு மோர் கொடுத்தாள். அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தை, "பாத்தியாட்டி வெயில் என்ன செய்யுதுன்னு? ஒன்ன உள்ள வச்சிருக்கது எதுக்குன்னு இப்பத் தெரியுதா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாயங்காலம் அந்த அம்மாள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அதே பன்னிரண்டு மணிக்கு வந்தாள். நாங்கள் விறகு வாங்கினோம். காலையில் வா என்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. ஒருத்திக்கு உயிர் போகிற அளவு வெயில், ஒருத்திக்குக் கண்ணில் காட்டக்கூட இல்லை. எங்கள் ஊர் வெயிலைப் பங்கு வைத்த லட்சணம் இது.

ஒன்றரை வருஷத்தில் வலி தொடங்கியது. முதலில் இடுப்பு. பிறகு தொடை. பிறகு விலாவில் விரலால் அழுத்தினால் உயிர் போகும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தறிக்கால் வேண்டும், இல்லையென்றால் சுவர் வேண்டும். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டியவள், ஒவ்வொரு படிக்கும் தொடையைக் கையால் தூக்கி வைத்தேன். நடை மாறியது. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தேன்.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க நடையே அப்பிடித்தான். ஒங்க அம்மையும் அப்பிடித்தான நடக்கா" என்றாள் அத்தை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்து முழங்காலில் பூசினாள். கேட்கவில்லை. ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். என் முகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சத்து ஊசி ஒன்று போட்டார். அப்பாவைப் பார்த்து, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார். என் காலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வயசுப்பெண்ணுக்கு எங்கே வலித்தாலும் மருந்து கல்யாணம்தான் என்று இவர்களுக்கெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்களோ!

கடைசியில் அப்பாதான் பயந்தார். ஒரு நாள் குடத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதை அவர் தறியிலிருந்து பார்த்தார். அதோடு, அத்தை சொன்ன மாப்பிள்ளை வீட்டார் இன்னும் ஒரு மாதத்தில் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். என்னை அப்பாவும் கண்டக்டரும் சேர்ந்து ஏற்றிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அம்மா எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் சாய்ந்து சாய்ந்துதான் வந்தாள்.

அங்கே இருந்தது ஒரு லேடி டாக்டர். என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார். விலாவை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி அதையும் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்பம்மா வெயில்ல நின்னே?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை. அம்மா முந்திக்கொண்டாள். நல்ல மார்க் வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்: "ரெண்டரை வருசமா ஒரு பொட்டு வெயில் படாம வச்சிருக்கோம் டாக்டரம்மா. பொறவாசலுக்குக்கூட மேல தட்டி கட்டியிருக்கு. அதுக்கடியிலதான் போவா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்ல இருந்துக்கிட்டா?" என்றார். "வெளிநாட்டுல வெயிலே இல்லாம தவிக்கிறாங்க. உங்களுக்கு என்னம்மா வந்துச்சு? தோல்ல வெயில் பட்டாத்தான் உடம்பு ஒரு சத்தை உண்டாக்கும். அது இருந்தாத்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்புல போய்ச் சேரும். இல்லைன்னா எலும்பு இளகிப் போயிடும். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாவே வெயில் வேணும். நீங்க முட்டை, மீன் சாப்பிடுறவங்களா?"

"கிடையாது" என்றார் அப்பா.

"அப்ப அந்த வழியும் அடைச்சாச்சு."

"கண்ணாடி ஓட்டுப் பக்கம் உக்காருவாளே" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"அது வெளிச்சம்மா. கண்ணாடி வழியா வர்றது எலும்புக்கு ஆகாது. நேரா தோல்ல படணும். உச்சி வெயில்ல கிடந்து வேக வேண்டாம். கை, காலை மூடாம தினம் அரைமணி நேரம் நின்னாப் போதும்."

கஞ்சி போட்ட பாவு நன்றாகக் காய வேண்டும், ஈரம் நின்றால் இழை அறும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மேகம் போட்டால் அப்பா வானத்தைப் பார்த்துத் திட்டுவார். நூலுக்கு வெயில் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பெண்ணுக்கு வேண்டும் என்று தெரியவில்லை.

எழுந்து புறப்படும்போது, அம்மா வழக்கம்போல் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, மூச்சுப் பிடித்து எழுந்தாள். டாக்டர் அதைப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?"

"எப்பிடி?"

"கையை ஊணித்தானே எழுந்திரிக்கிறீங்க."

"அது பிள்ளை பெத்த உடம்புல்லா."

"இல்லம்மா. மகளோட சேர்ந்து நீங்களும் வெயில்ல நில்லுங்க. மாத்திரை உங்களுக்கும் எழுதுறேன்."

அம்மா சிரித்துவிட்டாள். "எனக்கு என்னத்துக்கு டாக்டரம்மா? எனக்கா மாப்பிள்ளை பாக்கப் போறாக?"

அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மறுநாளே என்னை வெயிலில் நிறுத்தினார்கள் என்றா? இல்லை. "மாத்திரையைத் தின்னட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். பெறவு நிக்கட்டும். ரெண்டரை வருசம் பட்ட பாட்டை ஒரு மாசத்துல கெடுக்கணுமா?" என்று அத்தை கேட்டாள். எல்லோரும் சரியென்றார்கள். எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரேயைக் கையில் வைத்துக்கொண்டே சரியென்றார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை என்னைவிட நாலு மடங்கு கறுப்பு. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் காப்பித் தட்டோடு நடுவீட்டிலிருந்து முன்கட்டுக்குப் பதினைந்து எட்டு நடந்தேன். விழுந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் என் மனசில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையே பார்த்தாள். ஊர் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் ஆள் சொல்லி அனுப்பினாள்: பிள்ளை நல்ல நிறம்தான், ஆனால் நடை ஒரு மாதிரி இருக்கிறது, வேண்டாம்.

அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். "நெறம் வந்துட்டு, நடை போயிட்டே" என்று அழுதாள். நான் அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவளை எதிர்த்துச் சத்தம் போட்டேன்.

"நடைய எவன் கொண்டு போனான்? நீங்கதான கொண்டு போனீங்க? என் காலைத் திருப்பித் தாங்க அத்தை. ஒங்க நெறத்தை நீங்களே வச்சுக்கிடுங்க!"

அப்பா எழுந்து புறவாசலுக்குப் போனார். ஓலைத் தட்டியைப் பிய்க்கும் சத்தம் கேட்டது. கட்டுகளை அவிழ்க்கக்கூட இல்லை, அப்படியே இழுத்துப் போட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அந்தப் பத்தடியில் நின்றேன். காலை ஒன்பது மணி இருக்கும். முதுகில் பட்ட அந்தச் சூட்டை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கண் கூசியது. நான் அழுதேன்.

ஏழெட்டு மாதத்தில் வலி போய்விட்டது. ஒரு வருஷத்தில் படி ஏறினேன். பாவு நீட்டும்போது தெருவில் நின்றேன். முகம் பழையபடி கறுத்தது. என்னைக் கட்டிக்கொண்டவர் முதலில் பார்த்ததே, நான் கஞ்சிக் கையோடு வெயிலில் நிற்கும்போதுதான். மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டேன். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை அண்ணன் ஓடிவந்தான். அம்மா அடுப்படியிலிருந்து நடுவீட்டுக்கு இறங்கும்போது கால் இடறி விழுந்துவிட்டாள். அங்கே இருப்பது ஒரே படி. ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயதுகூட ஆகவில்லை. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்த டாக்டர், எலும்பு ஆணி பிடிக்கவே மறுக்கிறது, இருபது வருஷத்து நோய் இது, இவ்வளவு நாள் யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார்.

பார்த்தார்களே. ஒருத்தர் பார்த்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் சிரித்தோம். அந்த மாத்திரைச் சீட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. என் கால் எனக்குத் திரும்பிவிட்டது, அதனால் நான் கேட்கவில்லை. தினமும் காலையில் நான் புறவாசல் வெயிலில் நின்றபோது, பத்தடி தள்ளி ராட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாளாவது போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அத்தையைத் திட்டுகிறேன், ஊர் டாக்டரைத் திட்டுகிறேன், இந்த ஊரின் நிறப் பைத்தியத்தைத் திட்டுகிறேன். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, காலையில் அவளைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். அப்பா தலைமாட்டைப் பிடித்தார், அண்ணன் கால்மாட்டைப் பிடித்தான். எட்டு மணி. தெரு நீளத்துக்குப் பாவு காய்ந்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தான் வாசலோடு நின்று கஞ்சி நீட்டிய தெருவில் அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். நான் அவள் கையை எடுத்து வெயிலில் வைத்தேன். ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டேன். உள்ளே என்ன நிறமோ அதே நிறம்தான் வெளியிலும் இருந்தது. நிறம் மாறுகிற கோடே இல்லை.

போகிறவர்கள் பார்த்தார்கள். அம்மா முந்தானையைத் தேடி எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன்.

"போதும், உள்ள தூக்கிரச் சொல்லுட்டி" என்றாள் துணிக்குள்ளிருந்து. "கறுத்துப் போயிருவேன்."